ஏப்ரலில் ஒரு மாலை: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நிகழ்ச்சிகள் நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நுண்ணுயிர்களின் மரபணுவை மாற்றுவதுதான் இந்த ஆண்டு எங்கள் ஆய்வக வேலை. அடுத்த ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போது, இதைப் பற்றித் தமிழில் பேச ஒரு மாலையை ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த அத்தை, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "கிருமிக்கு மரபணுவ மாத்துறதா? ஆபத்தாச்சேம்மா. அப்படி மாத்துனதச் சாப்பிட்டா புற்றுநோய் வருமாமே" என்றார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். பக்கத்து நாற்காலியில் பாட்டி, சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய இன்சுலினைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மருந்தே மரபணு மாற்றிய நுண்ணுயிர் செய்து கொடுத்ததுதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் தமிழ் வரவில்லை. தொடக்கக் கல்லூரி வரை தமிழ் படித்தவள் நான். கட்டுரை எழுதுவேன், பட்டிமன்றத்தில் பேசுவேன். ஆனால் நாள்முழுக்கச் செய்யும் வேலையை என் பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. அது என்னை மிகவும் வருத்தியது.

அதற்குப் பிறகு சொல்லிப் பழகினேன். இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம். முன்பெல்லாம் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்துத்தான் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. 1978இல் அமெரிக்காவில், மனித இன்சுலினுக்கான மரபணுவை இ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து அதை இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982இல் அங்கே அதை மருந்தாக விற்க ஒப்புதல் கிடைத்தது. இன்று ஈஸ்ட்டிலும் செய்கிறார்கள், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்.

"மனுசனோட மரபணு அந்தக் கிருமிக்கு எப்படிப் புரியும்?" என்று பாட்டி கேட்டார். மூன்று வருடப் படிப்பில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. பாக்டீரியா முதல் மனிதர் வரை மரபணுக்கள் ஒரே நான்கு எழுத்துகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். தஞ்சாவூர்ப் பாட்டி எழுதி அனுப்பிய சமையல் குறிப்பை ஈசூனில் பேத்தி படித்துச் சமைப்பதில்லையா, அது மாதிரி.

அப்புறம் வேலையைச் சொன்னேன். பாக்டீரியாவுக்குள் அதன் மரபணுக்கள் எழுதப்பட்ட பெரிய டிஎன்ஏ தவிர, வளையம் போன்ற சின்ன டிஎன்ஏவும் இருப்பதுண்டு. பிளாஸ்மிட் என்போம். அதைக் குறிப்பிட்ட இடத்தில் ஒரு நொதியால், அதாவது என்சைமால், வெட்டி, வேண்டிய மரபணுவை வைத்து, இன்னொரு நொதியால் ஒட்டுகிறோம். பிறகு பாக்டீரியாவோடு கலந்து பனிக்கட்டியில் அரை மணி நேரம், 42 டிகிரிச் சூட்டில் முக்கால் நிமிடம், மறுபடி பனிக்கட்டி. அந்த அதிர்ச்சியில் ஒரு சில பாக்டீரியாக்களுக்குள் மட்டும் பிளாஸ்மிட் போய்ச் சேரும். அவற்றைப் பிரித்தெடுக்க ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் வளர்க்கிறோம், அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில் இருப்பதால், அது ஏறியவை மட்டுமே அதில் பிழைக்கும். 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் திறந்தால் ரவை சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். எனக்கு முதல் இரண்டு தடவையும் தட்டு காலி. மூன்றாவது முறை ஒன்பது புள்ளிகள் வந்தன. இன்னும் படம் வைத்திருக்கிறேன்.

இதைக் கேட்டதும் அத்தை, "ஆன்டிபயாட்டிக்குக்கே சாகாத கிருமி வெளிய போயிட்டா?" என்றார். நியாயமான பயம்தான். எங்கள் ஆய்வக இ.கோலை, வெளியில் எளிதில் தாக்குப்பிடிக்காதபடி பலவீனமாக்கப்பட்ட வகை. கழிவு எதையும் 121 டிகிரி நீராவியில் அவிக்காமல் வெளியே விடமாட்டோம். ஆனாலும் அத்தையின் கேள்வியை இது முழுதாகத் தீர்த்துவிடுவதில்லை. 1974இல் விஞ்ஞானிகளே இதே அச்சத்தில் சில சோதனைகளை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி விதிமுறைகளை வகுத்த பிறகுதான் தொடர்ந்தார்கள். சிங்கப்பூரிலும் 1999இல் மரபணு மாற்றத்துக்கான ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அத்தை வீட்டில் கேட்டதைத்தான் அந்த விஞ்ஞானிகள் மண்டபத்தில் கேட்டார்கள். அத்தையை விவரம் தெரியாதவர் என்று யாராவது ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

கேள்விகள் இனிமேல்தான் கடினமாகப் போகின்றன. 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களில் போய் ஒட்டிக்கொண்டு, பிராக்கோலி போன்ற காய்களில் உள்ள ஒரு பொருளைப் புற்றுநோய்க்கு எதிரான பொருளாக மாற்றும் இ.கோலையை உருவாக்கி எலிகளில் சோதித்திருக்கிறார்கள். இன்சுலினை பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்துத் தருகிறோம். இதிலோ உயிருள்ள பாக்டீரியாவையே விழுங்க வேண்டியிருக்கும். ஒருநாள் மருந்தகத்தில் நம் பெரியவர்களிடம் அதற்குச் சம்மதம் கேட்பார்கள். இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், மரபணு மாற்றிய நுண்ணுயிர் செய்து கொடுத்த மருந்து ஏற்கெனவே நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் அறிவது வாட்ஸ்அப்பில் வருவது மட்டும் என்றால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கவிதை மாலைகளையும் பட்டிமன்றங்களையும் குறைக்கச் சொல்லவில்லை, அங்கேதான் நான் வாய்திறக்கக் கற்றுக்கொண்டேன். கூடுதலாக ஒரு மாலை, இரண்டு மணி நேரம், ஏதாவதொரு சமூக மன்றத்தில். பேச்சு அரை மணி நேரம் போதும். மீதி முழுக்கக் கேள்விக்கு. மருந்தாளர் ஒருவரும் தாதி ஒருவரும் உடன் இருந்தால் நல்லது. மேடை வேண்டாம், வட்டமாக நாற்காலி போடுங்கள். மைக் பெரியவர்களிடம் முதலில் போகட்டும். சொற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: நொதி என்று சொல்வேன், புரியவில்லை என்றால் என்சைம் என்பேன், பிளாஸ்மிட்டைப் பிளாஸ்மிட் என்றே சொல்வேன்.

செவ்வாயும் வியாழனும் எனக்கு ஆய்வகம். மற்ற எந்த நாள் என்றாலும் வருகிறேன். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இரவு உணவுக்கு முன் ஊசி போட வேண்டும், அதனால் ஏழரைக்குள் முடிகிற மாதிரி வைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உயிர்த்தொழில்நுட்ப மாணவி ஒருத்தி, ஈசூன்