மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி: கோடைக்கு முன் பெற்றோருக்குக் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டது. பிள்ளைகள் ஆண்டுத் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நாட்களும், வீடு கொதிக்கத் தொடங்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. மாலை 4 மணிக்கு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். முழங்கை பட்ட இடத்தில் தாள் நனைந்து, எழுத்து கலைந்திருக்கும். அந்த அறையில் எந்தப் பிள்ளைக்கும் மனம் பாடத்தில் நிற்காது. மின்விசிறியும் அந்த நேரத்தில் சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது.

செலவு அதிகமில்லாமல் இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. வெயில் ஜன்னலைத் தொடுவதற்கு முன்பே அதை வெளியில் மறித்துவிட வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் ஜன்னலுக்கு உள்பக்கம் திரைச்சீலை தொங்குகிறது. வெளிச்சம் குறைவதால் வெப்பமும் குறைந்துவிட்டதாகத் தோன்றும். நடப்பது வேறு. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் திரையில் படுகிறது. திரை சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெயிலை உள்ளே விடும் கண்ணாடி, சூடேறிய பொருள்கள் விடும் வெப்பத்தைத் திரும்ப வெளியே விடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் வெப்பக் கதிர்வீச்சு என்று விளக்கிச் சொல்லும். அதே துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டினால், துணி சூடேறினாலும் அந்தச் சூட்டைத் தெருக்காற்று கொண்டுபோய்விடும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மறைப்பு வைத்தால் உள்ளே வரும் வெயில் வெப்பம் 77 சதவீதம் வரை குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

அளவு புரிய ஒரு கணக்கு. மே மாத மாலை 4 மணிக்கு, மேற்கு பார்த்த 4 அடிக்கு 4 அடிக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஏறக்குறைய 600 வாட் வெப்பம் உள்ளே வருகிறது. இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விட்டதற்குச் சமம் அது.

"எங்கள் வீட்டில் சன்ஷேட் இருக்கிறதே" என்று கேட்கலாம். சன்ஷேட் உச்சி வெயிலுக்கு நன்றாக வேலை செய்யும், சாய்ந்த வெயிலுக்குச் செய்யாது. நம் திருச்சிப் பக்கம் மே மாதத்தில் 4 மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 35 பாகையில் நிற்கிறது. 2 அடி நீண்ட சன்ஷேட் அப்போது மேற்குச் சுவரில் ஒன்றரை அடிதான் நிழல் தரும். 5 மணிக்கு அது முக்கால் அடியாகச் சுருங்கிவிடும். 4 அடி ஜன்னலில் மீதி முழுக்க வெயில். பழைய ஓட்டு வீடுகளில் தாழ்வாரத்துக்குள் குனிந்து நுழைவோமே, அந்தத் தாழ்வு இந்தச் சாய்ந்த வெயிலைத்தான் மறித்தது. காங்கிரீட் வீட்டுக்கு மாறியபோது தாழ்வாரம் போய்விட்டது. அதன் வேலையைச் செய்ய ஒன்றும் வரவில்லை.

எந்த ஜன்னலுக்கு முதலில் கட்டுவது? பலர் தெற்கு ஜன்னலில்தான் கை வைக்கிறார்கள். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்ப நம்மைக் கடந்து தெற்கே போகும். அந்த நான்கு மாதமும் தெற்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. கத்திரி வெயிலுக்காகத் தெற்கு ஜன்னலை மறைப்பது வீண் செலவு. வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் விழும், அவ்வளவுதான். கிழக்கு ஜன்னல் காலை 10 மணி வரை தொல்லை தரும், ஆனால் அப்போது காற்று இன்னும் சூடாகவில்லை. மேற்கு ஜன்னலில்தான் நாள் முழுக்கச் சூடேறிய காற்றோடு நேர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. அங்கே விழுந்த வெப்பம் சுவரிலும் தரையிலும் தங்கி, பிள்ளைகள் படுக்கும் 10 மணிக்குக்கூட வெளியேறிக்கொண்டிருக்கும். கையில் ஒரு தட்டிக்கு மட்டும் பணம் இருந்தால் அது மேற்குக்குப் போகட்டும்.

எதைக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. பட்டை மூங்கிலில் பின்னிய தட்டி நல்லது. இடுக்குகளில் காற்று வரும், நான்கைந்து கோடை தாங்கும். கரையான் ஏறாமல் இருக்க அடிப்பாகம் மண்ணைத் தொடக் கூடாது, மழைக்காலத்தில் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். அடுத்து, நாற்றங்கால்களில் கட்டும் பச்சை வலை. விவசாயப் பொருள் கடையில் 'ஷேட் நெட்' என்று கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். 50, 75, 90 சதவீதம் என்று வரும். 50 சதவீத வலை பாதி வெயிலை உள்ளே விட்டுவிடும். 90 சதவீத வலை காற்றையும் வெளிச்சத்தையும் மிகவும் குறைத்து, பகலிலேயே விளக்குப் போட வைக்கும். படிக்கும் அறைக்கு 75 சரியாக இருக்கும். இரண்டுக்கும் வசதியில்லை என்றால், வெளுத்த பழைய வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்துக் கட்டுங்கள். வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும், ஒரு கோடைக்குத் தாராளமாகப் போதும்.

ஃபிளெக்ஸ் பேனரையும் நீலத் தார்ப்பாயையும் ஜன்னலை ஒட்டிக் கட்டாதீர்கள். காற்று புக வழியில்லாமல் அதற்கும் சுவருக்கும் இடையில் சூடு தேங்கும். காற்றடித்தால் பாய்மரம் போல உப்பிக் கொக்கியைப் பிடுங்கிவிடும். கண்ணாடியின் உள்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுவதும் வேண்டாம். தாள் இழுக்கும் சூட்டில் கண்ணாடி ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் சூடேறி விரிசல் விடலாம்.

கட்டும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. 3 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஜன்னலுக்குச் சொல்கிறேன். தட்டியைக் கண்ணாடியோடு ஒட்டாமல், சன்ஷேட்டின் வெளி விளிம்பை ஒட்டித் தொங்க விடுங்கள். நம் ஊர் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. 3 அடி ஜன்னலின் ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி வெளியே வரும், அதற்கும் இடம் வேண்டும். தட்டிக்குப் பின்னால் சூடாகும் காற்று மேலே போக, சன்ஷேட்டுக்கும் தட்டியின் மேல் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

அகலம் 5 அடி வேண்டும், அதாவது இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி கூடுதல். மே மாத மாலைச் சூரியன் நேர் மேற்கில் இல்லாமல் வடமேற்கில் சாய்ந்திருக்கும். வடக்குப் பக்கம் அந்த ஒரு அடி இல்லையென்றால் ஓரமாக வெயில் உள்ளே நுழைந்துவிடும். உயரம் ஜன்னல் திண்டு மட்டத்தோடு நின்றால் போதும். தட்டி 2 அடி தள்ளித் தொங்குவதால் அதற்குக் கீழே இருக்கும் திறப்பு வழியாகக் காற்று வரும், வெயில் வராது. தரை வரை இறக்கினால் காற்று நின்றுவிடும், தட்டியும் பெருங்காற்றில் அதிகம் அடிபடும்.

வலையாக இருந்தால், 5 அடி நீளத்தில் இரண்டு பிவிசி குழாய்கள் வாங்குங்கள், அரை அங்குலம் போதும். வலையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு மடிப்பாக மடித்து, நைலான் நூலால் உறை போலத் தைத்து, குழாயை உள்ளே நுழையுங்கள். கீழ்க்குழாயில் மணல் நிரப்பி இரு முனையையும் அடைத்தால் வலை படபடக்காது. வலையில் நேராக ஆணி அடித்தால் முதல் காற்றிலேயே அந்த இடம் கிழியும். மேல்குழாயைத் தாங்கச் சன்ஷேட்டின் அடியில் மூன்று கொக்கிகள் வேண்டும். விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். விளிம்பிலேயே துளை போட்டால் காரை பெயர்ந்து உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துளை ஒன்றரை அங்குல ஆழத்தைத் தாண்ட வேண்டாம். வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள் இரண்டு மூங்கில் கழிகளைத் தரையில் ஊன்றி, சன்ஷேட் விளிம்பில் சாய்த்து, அவற்றில் தட்டியைக் கட்டலாம்.

சித்திரை, வைகாசியில் மாலை இடிமழை திடீரென வரும். அதற்கு முன் வீசும் காற்றுதான் தட்டிகளுக்கு எதிரி. அதனால் மேலே சுருட்டிக் கட்டும்படி இரண்டு கயிறு விட்டுவையுங்கள். கீழ் முனையைச் சுருக்கு முடிச்சில் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அந்தக் கயிற்றின் மிச்சத்தை 5 அடி உயரத்தில் ஓர் ஆணியில் சுற்றிவிடுங்கள். தொங்கும் கயிற்று வளையத்தில் கைக்குழந்தைகள் கழுத்தை விட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி அந்த ஜன்னல் பக்கமாகப் போனால் அங்கே நீங்களாகத் தட்டி கட்ட வேண்டாம், மின் பணியாளரைக் கேட்டுச் செய்யுங்கள். கட்டுக்கம்பி எங்குமே வேண்டாம், கயிறு மட்டும். சன்ஷேட்டில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். இந்த வேலைக்கு ஏணியும், அதைக் கீழே பிடிக்கப் பெரியவர் ஒருவரும் வேண்டும்.

தென்னங்கீற்று குளிர்ச்சி தரும், நம் ஊரில் எளிதாகவும் கிடைக்கும். ஆனால் அடுப்படி ஜன்னலுக்கோ, அடுப்படியை ஒட்டிய சுவருக்கோ கீற்றைக் கட்டாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. காய்ந்த கீற்றில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மூங்கில் தட்டிக்கும் வலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுப்புக்குப் பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

தட்டி கட்டிய பிறகும் ஜன்னலைத் திறப்பதிலும் மூடுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். காங்கிரீட் கூரையும் தடித்த சுவரும் உள்ள வீட்டில், காலை 10 மணிக்குள் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிடுங்கள். வெளிக்காற்று வீட்டுக்காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அதை உள்ளே விடுவதில் பயனில்லை. மேற்குத் தட்டியை மதியம் 1 மணிக்கு இறக்குங்கள். வெயில் சாய்ந்ததும் சுருட்டிவிட்டு எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து, கொசுவலையோடு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். சூடு வெளியேற இரவு ஒன்றுதான் நேரம். தட்டியை இரவிலும் இறக்கியே வைத்திருந்தால் காற்று தடைப்பட்டு, பகலில் கிடைத்த பலனில் பாதி போய்விடும். தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள வீட்டில் நேர்மாறு. அங்கே பகலில் உள்ளேதான் வெப்பம் அதிகம், ஜன்னலைச் சாத்தவே கூடாது. அந்த வீடுகளில் தட்டி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூரை மேலும் கீற்றோ வலையோ தேவைப்படும், பிள்ளைகளை மதிய நேரத்தில் வேப்ப மரத்தடிக்கோ பக்கத்து வீட்டுத் திண்ணைக்கோ அனுப்புவது நல்லது.

வெட்டிவேர்த் தட்டியோ கோணிச் சாக்கோ கட்டி நனைக்கலாமா என்று கேட்பீர்கள். நம்மைப் போன்ற வறண்ட உள் மாவட்டத்தில், காற்று அதன் வழியாக வீசினால் நன்றாகவே குளிரும். ஆனால் நனைத்துக் கட்டினால் இந்த ஜன்னலைப் பகலிலும் சாத்தாமல் திறந்து வைக்க வேண்டும், எதிர்ப்பக்கமும் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை புழுங்கும். கடற்கரை ஊர்களில் உள்ள உறவினர்களுக்கு இதைச் சொல்லாதீர்கள். அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் புழுக்கம்தான் கூடும். சாக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை வெயிலில் காய வையுங்கள், பூஞ்சை பிடித்தால் பிள்ளைகளுக்கு இருமல் வரும். காய்கறி கழுவிய தண்ணீரே இதற்குப் போதும், குடிதண்ணீரை ஊற்ற வேண்டாம்.

பீர்க்கை, கோவைக் கொடிகளும் நல்ல தட்டிதான். ஆனால் பந்தல் மூட இரண்டு மாதமாவது ஆகும், இந்தக் கத்திரிக்கு உதவாது. அடுத்த ஆண்டுக்குத் தையிலேயே விதை போடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு உங்கள் பிள்ளையிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். அதில் வீட்டின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும், ஜன்னல் கம்பியின் நிழல் அறைத் தரையில் எத்தனை மணிக்கு விழுகிறது, எத்தனை மணிக்கு மறைகிறது என்று பிள்ளையே குறிக்கட்டும். மாலை 4 மணிக்கு அந்தக் கம்பியைத் தொட்டு, வெறும் சூடா, கையை எடுக்க வைக்கும் சூடா என்றும் எழுதச் சொல்லியிருக்கிறோம். தெற்கு ஜன்னலை விட்டுவிட்டு, மதியத்துக்குப் பிறகு எந்தக் கட்டத்தில் நேரம் நீளமாக இருக்கிறதோ அந்த ஜன்னலுக்கு முதல் தட்டி. தாளைத் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அளவும் எழுதி அனுப்பினால், எவ்வளவு வலை, எத்தனை அடி குழாய் வேண்டும் என்று கணக்கு ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கிட்டு, அதே தாளின் பின்பக்கம் எழுதித் தருவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்