விட்டுப் போகாத உகரம்

உல்ம், ஜெர்மனி

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல்.

எனக்கு இங்கே வேலை பழகிவிட்டது, குளிர்தான் பழகவில்லை. ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு பாஸ் பண்ணியும் என் உச்சரிப்பு தேறாது என்று வார்டில் ஒரு பாட்டி முடிவு கட்டிவிட்டார். பி.பி. பார்க்கப் போனால், ஒரு நாப்பிறழ் வாக்கியம் சொன்னால்தான் கையை நீட்டுவார்!

முதல் பாடம்: ‘ப்ளௌக்ரௌட் ப்ளைப்ட் ப்ளௌக்ரௌட், ப்ரௌட்க்ளைட் ப்ளைப்ட் ப்ரௌட்க்ளைட்’. சிவப்பு முட்டைகோஸ் முட்டைகோஸாகவே இருக்கும், கல்யாண உடை கல்யாண உடையாகவே இருக்கும். பெரிய தத்துவம்தான், போ. இதில் லகர ரகரம் மாறிமாறி வருவதில் ஜெர்மன்காரர்களே தடுமாறுவார்கள். நமக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நம் சிக்கல் கடைசி எழுத்தில். ‘ப்ளைப்ட்’ என்று வெட்டி நிறுத்தாமல் நாக்கு ‘ப்ளைப்ட்டு’ என்று இழுக்கிறது. பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்கிற நாக்குதானே!

அப்புறம் கொட்புஸ் ஊர்த் தபால் வண்டிக்காரர் வண்டிப்பெட்டியைத் துடைக்கிற வாக்கியம். அதில் வரும் ‘போஸ்ட்குட்ஷ்காஸ்டன்’ என்ற சொல்லை ‘போஸ்ட்டுகுட்ஷுகாஸ்டன்’ என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். பாட்டி மசியவில்லை. கட்டில் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார்: அவர் சொன்னால் நாலு தட்டு, நான் சொன்னால் ஆறு. நடுநடுவே உகரம் போட்டால் நாக்குக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது, வாக்கியத்தில் கஷ்டமே இல்லாமல் போகிறது. அது கள்ளாட்டம் என்கிறார்.

இந்த ஊர் வாக்கியம் இன்னும் வேடிக்கை: ‘இன் உல்ம், உம் உல்ம், உண்ட் உம் உல்ம் ஹெரும்’. உல்மில், உல்மைச் சுற்றி, சுற்றுவட்டாரம் முழுக்க என்று அர்த்தம். மெய்யெழுத்தில் முடியும் சொல்லோடு அடுத்து வரும் உயிரெழுத்து தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதை ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று நீ பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாயே, அந்த இயல்பு இங்கே செல்லாது. உயிரில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்க வேண்டும். நான் சொன்னால் ‘இனுல்முமுல்ம்’ என்று ஒரே சரமாக வருகிறது.

பதிலுக்கு ‘ஓடுற நரியில ஒரு நரி கிழநரி’ சொல்லிக் கொடுத்தேன். ரகரத்தை எல்லாம் தொண்டையில் உருட்டினார், ழகரத்தை லகரமாக்கி முடித்துவிட்டார். ல, ள, ழ மூன்றும் கலந்து கடினமாக ஒன்று எழுதி அனுப்புடீ. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போகிறார், வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடு.

அன்புடன்,
மேரி