திண்ணையில் இரண்டு அலமாரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே மன்னார்குடியில் எல்லோரும் நலம்.

போன தடவை எழுதினேனே, அதைத் தொடங்கிவிட்டேன். தை பிறந்ததும் திண்ணையில் இரண்டு அலமாரியைக் கொண்டுவந்து வைத்து வீட்டுப் புத்தகங்களை இரவல் கொடுக்கிறேன். 1,140 புத்தகம், நம்பர் போட்டு நோட்டில் ஏற்றவே ஒரு மாதம் ஆனது. முதலில் 100 ரூபாய் முன்பணம் கேட்டேன், மூன்று வாரத்தில் நாலே பேர்தான் வந்தார்கள். சரி, வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். இப்போது பெயரும் தெருவும் சொன்னால் போதும், ஒரு புத்தகம், 15 நாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பையோடு நேரே இங்கேதான் வருகிறார்கள்.

அம்மா தைத்து வைத்த தொடர்கதைகளை மட்டும் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். ஞாபகம் இருக்கிறதா, வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்துச் சேர்த்து, பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, காடாத் துணியில் முதுகு ஒட்டுவாளே. படம், விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கும், போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் இந்த ஊரில்தான் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து, நூல்கள் பயன்படுத்தவே என்பதை முதலாவதாக வைத்து எழுதிய புத்தகம் வந்ததும் அதே வருடம். மண் ரோட்டில் வெயில், மழை பார்க்காமல் புத்தகம் போன ஊரில் நான் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது எனக்கே உறுத்தியது.

அப்புறம் தெருக்கோடிப் பாட்டி ஒருநாள் வந்து, "உங்கம்மா தச்சு வச்சிருந்தாங்களே, அந்தக் கதையெல்லாம் எங்கே?" என்று கேட்டாள். எடுத்துப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் அம்மா கையெழுத்து. யார் வாங்கிப்போனார்கள், என்றைக்கு, திரும்பி வந்ததற்கு ஒரு டிக். பாட்டி பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டே அம்மா அந்தக் காலத்திலேயே இதைத்தான் செய்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாளே எல்லாவற்றையும் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அம்மா தைத்ததில் எட்டாவது புத்தகத்தில் உன் பெயரும் இருக்கிறது, 1972 மார்கழி, பக்கத்தில் டிக். ஒன்பதாவது மட்டும் வீட்டில் இல்லை. பாட்டி எட்டை முடித்துவிட்டு அடுத்தது எப்போது என்று தினமும் கேட்கிறாள். உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தடவை பாரேன். இருந்தால் தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் தோழி