காதில் அந்த சிப்பை வைக்காதீர்கள்

வேற்றுகிரகக் காதல் தொடர்கள் எழுதும் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதைகளை நான் ஒளித்து வைத்துப் படிக்கிறவள் இல்லை. நாயகனுக்குக் கொம்பு இருக்கட்டும், வால் இருக்கட்டும், தோல் நீலமாகவே இருக்கட்டும், எனக்குச் சம்மதம்தான். ஒரு தொடரில் ஏழாம் பாகம்வரை வந்துவிட்டேன். தூக்கம் கெட்டதைப் பற்றிகூட நான் கேட்கப் போவதில்லை. என் புகார் வேறு.

முதல் பாகத்தில் நாயகியைக் கடத்துகிறார்கள். விண்கலம் விழுந்து நொறுங்குகிறது. அவள் குளிரில் நடுங்கியபடி கண் திறந்தால் எதிரே அவன். ஏதோ உறுமுகிறான். அவள் பேசுவதும் அவனுக்குப் புரியவில்லை. நான் நிமிர்ந்து உட்காருகிறேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் யாரோ வந்து அவள் காதுக்குப் பின்னால் மொழிபெயர்ப்பு சிப்பைப் பொருத்திவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே அவன் அவளுடைய கண்களை வர்ணித்து வசனம் பேசுகிறான். போச்சு!

குவைன் என்ற தத்துவவாதி 1960இல் ஒரு புதிர் போட்டார். மொழி தெரியாத ஓர் இடத்தில் முயல் ஒன்று ஓடுகிறது, அதைப் பார்த்து அங்குள்ளவர் ‘கவகாய்’ என்கிறார். அவர் சொன்னது முயலையா, அதன் உடம்பில் ஒரு பகுதியையா? எத்தனை முறை சுட்டிக்காட்டிக் கேட்டாலும் அடித்துச் சொல்ல முடியாது என்பது குவைனின் வாதம். தத்துவத்துக்கு அது தலைவலி. உங்களுக்கோ புதையல். அவன் அவள் கன்னத்தைத் தொட்டு ஒரு சொல் சொல்கிறான். கன்னமா, கண்ணீரா, ‘அழாதே’ என்பதா? அவள் கன்னம் என்றே எடுத்துக்கொள்கிறாள். மூன்று அத்தியாயம் கழித்து, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, ஆசையாக ‘அழாதே’ என்கிறாள். கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிறது, அவன் மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் காட்சியை ஒரு சிப்புக்காகத் தொலைத்துவிட்டீர்களே!

‘விதியே எங்களை இணைத்துவிட்டது’ என்று உடம்பு முதல் நாளே முடிவெடுத்துவிடும் விவகாரம் தனி மடலுக்கு.

தமிழில் இப்படி எழுத நினைப்பவர்களிடம் ஒரு விஷயம். ‘நாங்கள்’, ‘நாம்’ என்று இரண்டு சொல் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவன் அவளிடம் தமிழ் கற்றுக்கொள்கிறான் என்று வையுங்கள். ‘நாங்கள் மலைக்குப் போகிறோம்’ என்று தன் இனத்தாரைச் சேர்த்து நூறு முறை சொல்லியிருப்பான். ஒருநாள் ‘நாம் மலைக்குப் போகிறோம்’ என்கிறான். இலக்கணப் பிழையா, தெரிந்தே சொன்னானா? கேட்கவும் அவளுக்குக் கூச்சம். அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரக் கூடாது. எனக்கும்தான்.

புரியாத காதல் யாருக்கு வேண்டும் என்பீர்கள். 1977இல் வேற்றுகிரகத்தார் யாராவது கேட்கட்டும் என்று வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில், அதைத் தயாரித்த குழுவில் இருந்த ஆன் ட்ரூயனின் மூளை அலைகளும் பதிவாகியிருக்கின்றன. பதிவுக்குச் சில நாள் முன்புதான் அவரும் அந்தக் குழுவின் தலைவரான வானியலாளர் கார்ல் சேகனும் தொலைபேசியில் பேசிக் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். காதலில் விழுவது எப்படி இருக்கும் என்பதையும் பதிவு நடந்த ஒரு மணி நேரத்தில் அவர் நினைத்துக்கொண்டாராம். ஒரு நிமிடமாகச் சுருக்கிய அந்த ஒலி, கேட்பதற்குப் பட்டாசுச் சரம் வெடிப்பதுபோல இருக்கும். அதை யார் எடுத்துக் கேட்கப் போகிறார்களோ, கூடவே சிப் எதுவும் அனுப்பவில்லை.

சரி, கதை நகர சிப் வேண்டும்தான் என்றால் வையுங்கள். ஆனால் விண்கலம் விழுந்தபோது அதுவும் உடைந்திருக்கட்டும். நூறு பக்கம் கழித்து யாராவது பழுது பார்த்துக் கொண்டுவந்து நீட்டும்போது, அவள் வாங்கிக்கொள்கிறாளா, ‘இப்போது வேண்டாம்’ என்கிறாளா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
எட்டாம் பாகத்துக்குக் காத்திருக்கும் வாசகி