சாவி யாரிடம் இருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய ஜெனீவா தீர்மானங்கள் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். போர்க்காலக் கொடுமைகளுக்கு இலங்கை அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் கணக்கைப் போர் முடிந்த 2009 மே மாதத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிட்டீர்களே!

பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் எங்கள் குடும்பங்களில் பல, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவை. பதுளையிலும் பண்டாரவளையிலும் இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பிந்துனுவெவ என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பண்டாரவளையை ஒட்டிய ஊர். அங்கே அரசின் புனர்வாழ்வு முகாமில் சுமார் 40 தமிழ் இளைஞர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், சிலர் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன்கள். 2000 அக்டோபர் 25 காலையில் கத்தியும் தடியுமாக உள்ளே புகுந்த கும்பல் 25-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆயுதம் தாங்கிய போலீசார் ஏறக்குறைய 60 பேர் அங்கேயே இருந்தார்கள். தடுக்கவில்லை. 2003-இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதில் போலீஸ்காரர்களும் உண்டு. 2005-க்குள் மேல்முறையீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் கொழும்பு வெலிக்கடைச் சிறை. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டே நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் உள்ளேயே கொல்லப்பட்டார்கள். முதல் நாள் நடந்ததைப் பார்த்த பிறகும் இரண்டாம் முறை நடக்க விட்டார்கள் என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

போர்க்களத்துச் சாவு என்றால் யார் சுட்டது தெரியவில்லை, இடையில் மாட்டிக்கொண்டார்கள் என்று அரசு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பூட்டிய கதவுக்குள் இருந்தவன் செத்தால் அந்தச் சாக்கு எடுபடாது. சாவி யாரிடம் இருந்தது, அன்று பணியில் இருந்த அதிகாரி யார், எல்லாம் பதிவேட்டில் இருக்கும். 2009-இல் குடும்பத்தார் கண்முன்னே ராணுவத்திடம் சரணடைந்து, பிறகு காணாமல் போனவர்கள் விஷயமும் இதேதான். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தெருவில் உட்கார்ந்த, காணாமல் போனவர்களின் தாய்மார் கேட்டதும் சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான்.

அப்புறம், நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 1994-லேயே ஏற்று, தனிச் சட்டமும் போட்டுவிட்டது (அதை எந்த லட்சணத்தில் நடத்தியது என்பது வேறு கதை). இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதி செய்யவில்லை. அதற்காக 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய், கடைசியில் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் 273-ஆவது அறிக்கையில் உடன்படிக்கையை உறுதி செய்து சட்டம் போடுங்கள் என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தது. ஜெனீவாவில் 2021-இல் இலங்கை பற்றிய தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டதைக் கண்டித்துத் தமிழ்நாட்டில் எழுந்த குரல்களில் கால்வாசியாவது இதற்கு எழுந்திருக்கக் கூடாதா?

எங்கள் லைனுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஈழத்தைப் பற்றிப் பேசாமல் போவதில்லை. அடுத்த முறை வரும்போது அந்த மசோதா என்ன ஆயிற்று என்று கேட்பதாக இருக்கிறோம். தாங்களும் எழுத்தில் கேளுங்கள். அப்படியே பிந்துனுவெவைக்கும் வெலிக்கடைக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய குடும்பத்து வாசகர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.