வனஜாவுக்கு, எட்டு மாதம் கழித்து

குடியாத்தம்
ஞாயிறு இரவு

அன்புள்ள வனஜா,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே தறி நடக்கிறது, வெயில் கொளுத்துகிறது, மற்றதெல்லாம் பழையபடிதான். இதைச் சொல்லத்தான் எட்டு மாதம் கழித்து எழுதுகிறாளா என்று நீ முகத்தை நொடிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசியிருப்பேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பேரன் கவினைப் பாகாயம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தோம்.

முரளி வீட்டுப் புதுமனை புகுவிழா அன்று நீ என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்து, "சரசு, பிள்ளை உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்க்கிறான். ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடு" என்றாய். விசேஷ வீட்டுக்கு வந்து என் பேரனைக் குறை சொல்கிறாளே என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். இலை போட்டிருந்தும் நீ சாப்பிடாமல் படியிறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தடுக்கவில்லை. அப்போது அவனுக்கு 22 மாதம். இப்போது இரண்டரை வயது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இரவில் தூக்கம் பிடிப்பதில்லை.

ஒரு வயதில் "காக்கா", "தாத்தா" என்று அழகாகச் சொன்ன பிள்ளை அவன். ஒன்றரை வயதில் அந்த இரண்டு சொல்லும் போய்விட்டன. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். முரளியே மூன்று வயதில்தான் வாயைத் திறந்தான் என்று நானே சொன்னேன். காய்ச்சலுக்குக் காட்டிய ஒரு டாக்டரும் மூன்று வயது வரை பொறுங்கள் என்றார். பேசத் தாமதமாவது வேறு, வந்த பேச்சு மறைந்துபோவது வேறு, மறைந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதைப் பாகாயத்தில்தான் தெரிந்துகொண்டோம். உன் அங்கன்வாடிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் இதைச் சொல்.

போன மாதம் தறிக்கூடத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு தகரம் விழுந்தது. நாங்கள் எல்லோரும் பதறி எழுந்தோம். அவன் திரும்பவே இல்லை. நூல் சுற்றும் தார்க்குச்சிகளைச் சுவரோரம் ஒரே நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். காது கேட்கவில்லையோ என்று பயந்தால், அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறான். அன்று இரவு தேன்மொழி, "அத்தை, நாளைக்கே போவோம்" என்றாள்.

பாகாயம் என்று சொன்னாலே நம் பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? இவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. "என் பேரனுக்கு என்ன பைத்தியமா? ஊரில் தலைகாட்ட முடியுமா?" என்று ஒரே சத்தம். முரளி வாய் திறக்கவில்லை. கடைசியில் நானும் தேன்மொழியும்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிகொண்டா வழி பஸ்ஸில் வேலூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தோம். சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கும் அதே வளாகத்தில்தான் பிள்ளைகளுக்கான பிரிவும் இருக்கிறது. நம்பிக்கை நிலையம் என்று பெயர். அந்தப் பெயரைப் பலகையில் படித்ததும் தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் காது. முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து விடியற்காலையில் எழுப்பிவிடச் சொன்னார்கள், அப்போதுதான் அங்கே தூங்குவானாம். தூங்கும்போது தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளை அதை வாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பெரா என்று பெயர். காதில் ஒரு குறையும் இல்லை.

பிறகு கேள்விகள். பிறந்ததும் அழுதானா, எடை என்ன, எப்போது தலை நின்றது, எப்போது நடந்தான் என்று எல்லாம் கேட்டார்கள். "வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவானா?" என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் வேண்டாம் அம்மா, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவான்" என்றேன். கேள்வி கேட்ட பெண் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பாட்டி மேல் அவ்வளவு பிரியம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கையைப் பற்றித்தான், வனஜா.

அவனைத் தரையில் உட்காரவைத்து சோப்புக் குமிழி ஊதினாள். குதித்தான், கைகளைப் பறவை மாதிரி அடித்துக்கொண்டான். பிறகு புட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். இன்னும் ஊது என்று அவளைப் பார்ப்பானா என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பார், பார் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் புட்டியின் மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம் நீ சொன்ன வார்த்தை அப்படியே என் காதில் கேட்டது.

ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் தெளிவாக இருக்கின்றன, மூன்று வயது முடிந்ததும் மறுபடி மதிப்பிடலாம், ஆனால் பயிற்சியை இன்றே தொடங்குங்கள் என்றார் டாக்டர். தேன்மொழி கேட்ட ஒரே கேள்வி, "நான் போன் கொடுத்ததாலா டாக்டர்?" இல்லை என்றார் அவர். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, தாய் செய்த எதனாலும் வந்ததில்லை, போனை நிறுத்தச் சொல்வது பிள்ளையோடு பேசும் நேரத்தை அது தின்றுவிடுகிறது என்பதற்காக என்று நிதானமாக விளக்கினார். தேன்மொழி அங்கேயே உடைந்துபோனாள். இத்தனை நாள் சாப்பாட்டு நேரத்தில் போனைச் சொல்லிச் சொல்லிக் குத்தியது நானும்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்து உன்னிடம் கேட்கிறேன்.

வீட்டில் செய்யச் சொன்னது எளிதுதான், பொறுமைதான் வேண்டும். அவன் கேட்கும் பொருளை என் கண்ணருகே தூக்கிப் பிடித்து, "பிஸ்கட்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள், நேற்று முன்தினம், பார்த்தான். ஒரு நொடிதான். பிஸ்கட்டை அல்ல, என்னை. இவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். இன்று காலையில் தானே ஒரு பிஸ்கட்டை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை உன் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவைப் பற்றி அன்றே சொல்ல வாயெடுத்தாய். அவர்கள் வழியாக மாவட்ட மையத்தில் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்க்க என்ன தாள்கள் வேண்டும் என்று விசாரித்து வை. வாரா வாரம் பாகாயம் போய்வர தேன்மொழியின் வேலை இடம் கொடுக்காது. மாற்றுத்திறனாளி அட்டை பிற்பாடு எடுத்தால் போதுமா என்றும் கேள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று என்று முரளி படித்துச் சொன்னான். அவன் வாய் திறந்ததே எனக்குப் பெரிது.

அடுத்த ஞாயிறு வா. வழக்கம்போல கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு வராதே, அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொள்கிறான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கிலோ கொண்டு வா. அன்று எழுந்து போன இலையில் நானே உனக்குப் பரிமாறுகிறேன்.

உன்
சரசு