திரைப்பட கேம்கள்: குறை கதையில் இல்லை, திகதியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சினிமா பக்கத்தில் வந்த கட்டுரை, ‘படத்தை வைத்து வரும் வீடியோ கேம் எல்லாமே படத்தின் பெயரை விற்றுக் காசு பார்க்கும் வேலை’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது பாதி உண்மைதான். மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டால், டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு டிஸ்க் வாங்கப் பம்பலப்பிட்டியில் கடை ஏறி இறங்கும் பெற்றோர் நல்லதையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

கட்டுரை காட்டிய உதாரணத்தையே எடுப்போம். 1982இல் அட்டாரி 2600 என்ற வீட்டு கேம் இயந்திரத்துக்கு வந்த ‘ஈ.டி.’ மோசமான கேம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அது கெட்டது படத்தின் கதையால் அல்ல. படத்தை கேமாக்கும் உரிமைப் பேச்சு முடிந்ததே ஜூலை கடைசியில். நத்தாருக்குக் கடைக்கு வர வேண்டுமென்றால் செப்டெம்பர் தொடக்கத்தில் நிரல் கைக்கு வந்தாக வேண்டும். ஹொவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற நிரலாளருக்குக் கிடைத்தது ஐந்து வாரம் சொச்சம். அந்த இயந்திரத்தின் நினைவகமோ வெறும் 128 பைட். எழுதி முடிக்கலாம், பிறரிடம் கொடுத்து விளையாட வைத்து, எங்கே எரிச்சல் வருகிறது என்று பார்த்துத் திருத்த நாள் இல்லை.

அந்தக் குறை, கேமில் ஈ.டி. விழுந்து ஏறும் குழிகளில் தெரிந்தது. ஈ.டி.யின் கால் குழிக்கு வெளியே, திடமான தரையில்தான் நிற்கும். ஆனால் தலையின் ஒரு புள்ளி குழியின் படத்தில் பட்டாலே நிரல் அவனை விழுந்தவனாகக் கணக்கெடுத்துவிடும். கழுத்தை நீட்டி மெல்ல மிதந்து மேலே வந்து, வெளியே ஓர் அடி தப்பாக வைத்தால் திரும்பவும் உள்ளே. 2013இல் ஆர்வலர் ஒருவர் பழைய நிரலில் சில பைட்டுகளை மட்டும் மாற்றி இந்தக் கோளாறை நீக்கிக் காட்டினார். இன்னும் சில வாரங்கள் கிடைத்திருந்தால் வோர்ஷோவே செய்திருக்கக்கூடிய திருத்தம் அது. விற்காத பெட்டிகள் நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ குப்பை மேட்டில் புதைக்கப்பட்டதும், 2014இல் தோண்டி எடுக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. குழியின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

பிறகு வந்த கேம்களைக் கெடுத்ததும் அதே திகதிதான். படம் திரைக்கு வரும் நாள் அசையாது. கேம் அதே வாரம் கடையில் இருக்க வேண்டும். அதற்கு முன் கொன்சோல், அதாவது கேம் இயந்திரம், செய்யும் நிறுவனத்தின் பரிசோதனையில் தேற வேண்டும், டிஸ்க் அச்சாக வேண்டும், கப்பல் ஏற வேண்டும். ஆகவே படம் எடிட்டிங் மேசையில் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கேம் முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் உழைத்துக் கட்டிய கேம் கட்டம் ஒன்றுக்குரிய காட்சியைப் படத்தில் தூக்கிவிடுவார்கள். நாயகனின் உடுப்பு மாறும். உடுப்பு, ஆயுதம், முகம் ஒவ்வொன்றுக்கும் ஸ்டூடியோவின் ஒப்புதல் வேறு வேண்டும். நடிகரின் முகத்துக்கும் குரலுக்கும் தனி ஒப்பந்தம். இரண்டு மணி நேரக் கதையை எட்டு மணி நேர கேமாக இழுப்பதற்கு, படத்தில் இல்லாத அடியாட்களை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து ஒரே மாதிரியான நடைபாதைகளில் நிரப்புவார்கள். பிள்ளைக்கு மூன்றாம் கட்டத்திலேயே சலிப்புத் தட்டுவது இதனால்தான்.

அவகாசம் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு, ஜேம்ஸ் பொண்ட் படத்தை வைத்து வந்த ‘கோல்டன்ஐ 007’ சாட்சி. படம் 1995 நவம்பரில் வந்தது. ரெயார் நிறுவனம் நின்டெண்டோ 64 கொன்சோலுக்குச் செய்த கேம் வந்தது 1997 ஓகஸ்டில். படத்தின் பரபரப்பு அடங்கி ஒன்றரை வருடத்துக்கும் மேல். அந்தச் சிறு குழு படப்பிடிப்புத் தளத்துக்கே போய், செட்டுகளைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வந்தது. முதலில் கட்டடங்களைக் கட்டினார்கள். எதிரி எங்கே நிற்பான், பணி என்ன என்பதெல்லாம் பிறகுதான். அதனால் அறைகள் விளையாட்டுக்காக அடுக்கிய பெட்டிகள் போல இல்லாமல், ஆட்கள் புழங்கும் இடங்களாக இருந்தன. எதற்கும் பயன்படாத அறைகூட உண்டு. திரையை நாலாகப் பிரித்து நால்வர் ஆடும் பகுதி கடைசி மாதங்களில்தான் சேர்ந்தது. திகதி இறுக்கியிருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருக்கக்கூடியது அதுவே. வருடக்கணக்கில் அந்த கேமை உயிரோடு வைத்திருந்ததும் அதுவே.

பலமும் பலவீனமும் ஒரே டிஸ்க்கில் இருப்பதும் உண்டு. 2004இல் ட்ரேயார்க் நிறுவனம் கொன்சோல்களுக்குச் செய்த ‘ஸ்பைடர் மேன் 2’ல் படக் கதையைத் தொடரும் பணிகள் சுமார். ஆனால் வலையில் ஊஞ்சலாடுவதைப் பாருங்கள். முந்தைய கேமில் வலை ஆகாயத்தில் எதையோ பிடித்துக்கொள்ளும். இதில் வலை உண்மையான கட்டடத்தில் ஒட்ட வேண்டும். ஊசல் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது விட்டால் முன்னோக்கி வேகம். மேலே ஏறும்போது விட்டால் உயரம். பூங்காவுக்கு நடுவே கட்டடம் இல்லை, ஆகவே அங்கே நகரத்தில் போல உயர ஊஞ்சலாட முடியாது. கதை மறந்துபோகும், விரலுக்குப் பழகிய அந்த ஊஞ்சல் மறக்காது. படத்திடமிருந்து எடுக்க வேண்டியது சம்பவங்களை அல்ல, இந்த மாதிரியான ஒரு செயலை என்பதே என் கருத்து.

ஆனால் அதே பெயரோடு அதே ஆண்டு கணினிக்கு வந்தது வேறொரு குழு செய்த வேறு கேம். அதில் வலையை நினைத்த இடத்தில் வீச முடியாது. காற்றில் மிதக்கும் குறியீடுகளில் மட்டுமே பிடிக்கும். கொன்சோல் இல்லாமல் கணினி மட்டும் இருந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது இதுதான். ‘ஸ்பைடர் மேன் 2 சிறந்த கேம்’ என்று படித்துவிட்டு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். எழுதுபவர்கள் எந்த இயந்திரத்துக்கான பதிப்பு என்று சொல்லாமல் விடுவது சிறு பிழை அல்ல.

‘ஏலியன்’ படங்களை வைத்து இருபது மாத இடைவெளியில் வந்த இரண்டு கேம்களையும் ஒப்பிடலாம். இரண்டையும் வெளியிட்டது செகா நிறுவனம். 2013 பெப்ரவரியில் வந்த ‘ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்’ல் வேற்றுக்கிரக மிருகங்கள் நேராக ஓடிவந்து துப்பாக்கிக்கு முன்னால் நின்றன. 2018இல் அதன் ஒரு காரணம் பரவலாக வெளியே வந்தது. அமைப்புக் கோப்பின் ஒரு வரியில் ‘டெதர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் வேண்டாத ஒரு ‘ஏ’ எழுத்து நுழைந்திருந்தது. மிருகத்தை ஓரிடத்தோடு பிணைத்து, எங்கே பதுங்குவது, எந்தப் பக்கத்தால் சுற்றி வருவது என்று காட்டும் கட்டளை அதனால் வேலை செய்யவேயில்லை. கணினியில் கோப்பைத் திறந்து அந்த எழுத்தை அழித்துச் சேமித்தவர்கள், மிருகங்கள் பக்கவாட்டில் வந்து தாக்குவதைக் கண்டார்கள். கேமின் மற்றக் குறைகள் அப்படியேதான் இருந்தன.

2014இல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ குழு முதல் படத்தின் மூலப் பொருட்களை ஸ்டூடியோவின் களஞ்சியத்திலிருந்து வாங்கிப் படித்தது. கதை படத்துக்குப் பதினைந்து வருடம் பிந்தியது. அதனால் காட்சிக்குக் காட்சி பின்தொடரும் கட்டாயம் இல்லை. கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் கணினித் திரைகள் 1970களின் தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, அசைபடங்களை வீஎச்எஸ் என்ற பழைய வீடியோ நாடாவில் பதிந்து, கலங்கவிட்டு மீண்டும் எடுத்தார்கள். மிருகத்துக்கு இரண்டு மூளை: ஒன்றுக்கு ஆட்டக்காரர் இருக்கும் இடம் எப்போதும் தெரியும், ஆனால் அது குறிப்பு மட்டுமே கொடுக்கும், மற்றது கண்ணாலும் காதாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பயம் அந்த இடைவெளியில் பிறக்கிறது. ஆனால் இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படம் வீட்டில் எல்லோரும் பார்த்தது என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது. அட்டையின் மூலையில் உள்ள வயது எண்ணைப் பாருங்கள்.

நம் பக்கத்து நாயகர்களின் படங்களுக்கு வருவது பெரும்பாலும் கைபேசி கேம். மூன்று தடத்தில் ஓடு, நாணயம் பொறுக்கு, தடையைத் தாண்டு, நடுவில் விளம்பரம். ஏற்கெனவே உள்ள அச்சில் நாயகனின் முகத்தை ஒட்டியதுதான். ஹிந்திப் படமான ‘ரா.வன்’ போல 2011இல் பிளேஸ்டேசன் 3 கொன்சோல் வரை போனது அபூர்வம். படம் ஓடி முடிந்ததும் இவற்றைப் புதுப்பிக்க ஆளிருப்பதில்லை. 2017இல் ஐபோன் பழைய 32-பிட் முறையில் எழுதிய செயலிகளைக் கைவிட்டபோது, புதிய 64-பிட் முறைக்கு மாற்றப்படாதவை ஒரேயடியாகத் திறக்காமல் போயின. ஹொலிவூட் படம் இங்கே தமிழ்க் குரலோடு திரைக்கு வருகிறது. அதன் கேம் ஆங்கிலத்தில் பேசுகிறது. படத்தைத் தமிழில் ரசித்த பிள்ளை, அடுத்த பணி என்னவென்று புரியாமல் திரையைத் தட்டிக்கொண்டிருக்கும். அருகில் இருந்து வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னும் சில. உரிமம் முடிந்தால் இணையக் கடையிலிருந்து கேம் எடுக்கப்படும். 2010இல் வந்த ‘ஸ்கொட் பில்கிரிம்’ 2014 கடைசியில் அப்படிக் காணாமல் போய், 2021 ஜனவரியில்தான் திரும்பியது. ஆகவே திரைப்பட கேம் என்றால், கிடைக்குமானால், டிஸ்க்கே மேல். கடையிலேயே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; சிலவற்றில் டிஸ்க்குக்குப் பதிலாக, இணையத்திலிருந்து கேமை இறக்குவதற்கான குறியீடு அச்சிட்ட தாள் மட்டும் இருக்கும், பயன்படுத்திய பின் அதை மறுபடி விற்கவும் முடியாது. பிளேஸ்டேசன் 4, 5 டிஸ்க்குகள் எந்த நாட்டுக் கொன்சோலிலும் ஓடும். ஆனால் மேலதிகப் பகுதிகளைக் காசு கொடுத்து இறக்குவதென்றால், டிஸ்க்கின் வலயமும் கணக்கின் வலயமும் ஒன்றாக இருக்க வேண்டும். டுபாயிலிருந்து வந்த டிஸ்க்குக்கு அமெரிக்கக் கணக்கில் வாங்கினால் பணம் போகும், பகுதி சேராது.

உங்கள் சினிமா பக்கத்தில் பட விமர்சனத்துக்குக் கீழே ஐந்து வரி ஒதுக்குங்கள். அந்தப் படத்தின் கேமை எந்த நிறுவனம் செய்தது, எந்த இயந்திரத்துக்கு, எந்த வயதுக்கு, படத்தோடு ஒரே வாரம் வந்ததா அல்லது அவகாசம் எடுத்து வந்ததா, தமிழ் எழுத்தாவது இருக்கிறதா. பாடசாலை மூடும் வாரத்துக்கு முந்திய ஞாயிறு மலரிலிருந்தே தொடங்கினால், இந்த விடுமுறைக்கு வாங்குபவர்களுக்குப் பயன்படும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06